விலையும் மதிப்பும்: திரைப்படக் கார் நகல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மூன்றாமாண்டு பொருளியல் வகுப்பில் ஒரு நாள் மதிப்புக் கோட்பாடு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குப் பயன் மிகுதி, விலை குறைவு. வைரத்துக்குப் பயன் குறைவு, விலை மிகுதி. இது ஏன் என்று ஆடம் ஸ்மித் 1776-ல் எழுப்பிய வினாவை விளக்கி முடித்தேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, இங்கிலாந்தில் ஒரு கம்பெனி பழைய படத்தில் வந்த காரைப் போலவே புதிதாக 25 கார் செய்து, ஒன்று 27,50,000 பவுண்டு என்று விலை வைத்ததாம். அதைச் சாலையில் ஓட்டவும் கூடாதாம். அதை வாங்குகிறவன் அறிவாளியா, ஏமாளியா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

சிரிப்பு அடங்கியபின் எண்ணிப் பார்த்தேன். நாம் எதற்காக விலை கொடுக்கிறோம் என்பதே அவ்வினாவின் உட்பொருள். இரும்புக்கா? உழைப்புக்கா? பெயருக்கா? அல்லது நினைவுக்கா? அன்று மணி அடித்துவிட்டமையால் முழு விடை கூற இயலவில்லை. அவ்விடையே இக்கட்டுரை. காரில் நாட்டமில்லாத மாணவரும் இதனைப் படிக்கலாம். விலைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

1. நகல் என்பது எத்தனை வகை?

‘திரைப்படக் கார்’ என்று பொதுவாகச் சொன்னாலும், சந்தையில் அப்பெயரால் விற்கப்படுவன ஒரே தன்மையன அல்ல. அவற்றை நான்காகப் பகுத்துக் கொள்வோம்.

முதலாவது, படப்பிடிப்பில் உண்மையாகவே ஓடிய கார். ‘புல்லிட்’ (1968) என்னும் அமெரிக்கப் படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய ஃபோர்டு மஸ்டாங் இவ்வகையைச் சேர்ந்தது. இதனை மூலம் என்போம்.

இரண்டாவது, பழைய காரைச் செய்த அதே கம்பெனி, பல்லாண்டுகள் கழித்து அதே வரைபடத்தைக் கொண்டு மறுபடியும் செய்து தருவது. மாணவர் குறிப்பிட்ட கார் இத்தகையது. ‘கோல்ட்ஃபிங்கர்’ (1964) படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5 காரின் மறுபிறப்பு அது. 2018-ல் அறிவிக்கப்பட்டு, 2020 முதல் நியூபோர்ட் பேக்னல் என்னும் ஊரில் செய்யப்பட்டது. பழைய டி.பி.5 கார்களும் அதே ஊரில் பிறந்தவையே.

மூன்றாவது, உண்மையான பழைய கார் ஒன்றை வாங்கி, அதன்மேல் படத்தில் கண்ட ஒப்பனையை ஏற்றுவது. ‘பேக் டு தி ஃபியூச்சர்’ (1985) படத்தின் காலப் பயண ஊர்தியை விரும்புவோர், ஒரு டிலோரியன் காரை வாங்கி, அதன் பின்புறத்தில் குழாய்களையும் கம்பிகளையும் பொருத்திக் கொள்கின்றனர். வட அயர்லாந்தில் 1981-ல் உற்பத்தி தொடங்கிய அக்கார் ஏறத்தாழ 9,000 மட்டுமே செய்யப்பட்டது.

நான்காவது, வேறு ஏதோ ஒரு காரின் அடிச்சட்டத்தின்மேல் கண்ணாடி இழையால் ஆன மேற்கூட்டைக் கவிழ்த்து, தோற்றத்தில் மட்டும் ஒத்திருக்கச் செய்வது. பேட்மேன் கார்களின் நகல்களுள் பெரும்பாலானவை இவ்வாறு செய்யப்பட்டவையே.

இந்நான்கையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்பவன்தான் முதலில் நட்டப்படுகின்றான். இரண்டாம் வகைக்குக் கம்பெனியின் பெயர் துணை நிற்கின்றது. மூன்றாம் வகையில் ஒப்பனையைக் கழற்றி எறிந்தாலும் அடியில் ஒரு உண்மையான பழைய கார் எஞ்சி நிற்கின்றது. நான்காம் வகையிலோ மேற்கூட்டைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு சாதாரண அடிச்சட்டமே.

2. இவ்வளவு விலை ஏன்?

அந்த 25 கார்களுக்கே திரும்புவோம். ஒவ்வொன்றையும் செய்ய ஏறத்தாழ 4,500 மணி நேர உழைப்புத் தேவைப்பட்டதாகக் கம்பெனி அறிவித்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று கொண்டால், ஒரே ஆள் செய்வதாயின் 560 நாட்களுக்கு மேல் ஆகும். மேற்கூட்டின் தகடுகளைக் கைத்தொழிலாளர் தட்டி உருவாக்கினர். படத்தில் கண்ட தந்திரக் கருவிகளும் இடம்பெற்றன. சுழலும் எண் பலகைகள், புகைத்திரை, எண்ணெய் கக்குவதுபோன்ற அமைப்பு, விளக்குகளுக்குப் பின்னிருந்து வெளிப்படும் போலி எந்திரத் துப்பாக்கிகள், பின்புறம் உயரும் குண்டு தடுக்கும் தகடு ஆகியவை அவற்றுட் சில. பாண்ட் படங்களுக்குத் தந்திரக் காட்சிகளை அமைத்த கிறிஸ் கார்போல்டு இக்கருவிகளை உருவாக்கித் தந்தார்.

எனினும் உழைப்பு மட்டுமே விலையை நிர்ணயிப்பதில்லை. 27,50,000 பவுண்டை 4,500 மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 611 பவுண்டு வருகின்றது. உலோகம், எஞ்சின், தோல் இருக்கை ஆகியவற்றின் செலவைக் கழித்தாலும், எந்தத் தொழிலாளியும் மணிக்கு அவ்வளவு கூலி பெறுவதில்லை. எஞ்சிய தொகை எதற்கு?

அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, உரிமம். படத்தின் பெயரையும் கதைமாந்தனின் பெயரையும் பயன்படுத்தப் படக் கம்பெனியின் இசைவு வேண்டும். இரண்டு, கிடைப்பருமை. 26-வது வாடிக்கையாளருக்குக் கார் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது. இவ்வருமை இயற்கையானது அன்று. விற்பவரே வரைந்த எல்லைக்கோடு. மூன்று, தார்ஸ்டீன் வெப்லன் என்னும் பொருளியலறிஞர் 1899-ல் எடுத்துக்காட்டிய பகட்டு நுகர்வு. சில பொருள்கள் விலை உயர்ந்திருப்பதனாலேயே விரும்பப்படுகின்றன. அவற்றின் விலையைப் பாதியாகக் குறைத்தால், வாங்க நினைத்தவன் முகத்தைத் திருப்பிக் கொள்வான்.

விலைப்பட்டியலில் கண்ட தொகையோடு செலவு முடிந்துவிடுவதுமில்லை. 27,50,000 என்பது வரி நீங்கலான விலை. இங்கிலாந்தின் 20 விழுக்காட்டு வரியைச் சேர்த்தால் 33,00,000 பவுண்டு ஆகின்றது. இக்காலப் பாதுகாப்பு விதிகளுக்கும் புகை விதிகளுக்கும் ஒத்து அமையாமையால் அக்காரைப் பொதுச் சாலையில் ஓட்ட இயலாது. தனியார் நிலத்திலோ பந்தயத் திடலிலோதான் ஓட்டிப் பார்க்கலாம்.

இங்கே ஓர் ஒப்பீட்டைக் கருதவேண்டும். 1963 முதல் 1965 வரை செய்யப்பட்ட உண்மையான டி.பி.5 கார்கள் ஏறத்தாழ ஆயிரம் உண்டு. படத்தில் நடிக்காத சாதாரண டி.பி.5 ஒன்று நல்ல நிலையில் இருந்தாலும் பொதுவாகப் பத்து இலட்சம் பவுண்டுக்குள் கிடைத்துவிடுகின்றது. அதனைச் சாலையிலும் ஓட்டலாம். அதாவது, நகலின் விலையில் மூன்றிலொரு பங்குக்கு உண்மையான காரே கிடைக்கின்றது. புகைத்திரையும் போலித் துப்பாக்கியும்தான் கிடைப்பதில்லை.

3. ஏலக்கூடம் கற்பிக்கும் பாடம்

நகலை வாங்குவோர் பலர், “படக் கார்கள் கோடிக்கணக்கில் ஏலம் போகின்றனவே! நாளை இதுவும் அவ்வாறு போகாதா?” என்று எண்ணுகின்றனர். ஏலக் கணக்குகளைச் சற்று நோக்குவோம்.

‘புல்லிட்’ மஸ்டாங் காரை ஓர் அமெரிக்கக் குடும்பத்தார் 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கினர். அன்றாடப் போக்குவரத்துக்கே அதனைப் பயன்படுத்தினர். 1977-ல் மெக்குவீனே கடிதம் எழுதி அதைத் திருப்பித் தருமாறு கேட்டார், அவர்கள் இசையவில்லை. பின்னர் பல்லாண்டுகள் கொட்டகையில் கிடந்து, 2020 ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஏலத்துக்கு வந்தது. ஏலக் கட்டணத்தோடு சேர்த்து 37,40,000 டாலருக்கு விற்றது. சாயம் மங்கி, துரு ஏறி, படப்பிடிப்புக்காகத் துளையிட்ட தடங்களும் மறையாமல் இருந்த நிலையிலேயே விற்றது என்பதைக் குறித்துக் கொள்க. மெருகேற்றியிருந்தால் விலை குறைந்திருக்கும். அத்தடங்களே அதன் சான்றிதழ்.

இரண்டாவது எடுத்துக்காட்டு பேட்மேன் கார். 1955-ல் லிங்கன் கம்பெனிக்காக இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட ‘ஃபியூச்சுரா’ என்னும் கண்காட்சிக் காரை, ஜார்ஜ் பாரிஸ் என்பவர் பின்னாளில் ஒரே ஒரு டாலர் கொடுத்துப் பெற்றார். 1966-ல் தொலைக்காட்சித் தொடருக்காக அதனைப் பேட்மேனின் ஊர்தியாக மாற்றியமைத்தார். 2013-ல் அரிசோனாவில் நடந்த ஏலத்தில் அது 42,00,000 டாலருக்குக் கேட்கப்பட்டது. கட்டணம் சேர்த்து 46,20,000 டாலர் ஆயிற்று.

‘கோல்ட்ஃபிங்கர்’ படத்திலும் ‘தண்டர்பால்’ படத்திலும் ஓடிய டி.பி.5 ஒன்று 2010-ல் இலண்டனில் ஏறத்தாழ 29 இலட்சம் பவுண்டுக்கு விற்றது.

இம்மூன்றும் மூலங்கள் என்பதை மறத்தல் ஆகாது. ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்னும் பழமொழி மூலத்துக்குப் பொருந்தும். மரயானைக்குப் பொருந்துமா? மூலத்தின் விலையைச் சான்றாகக் காட்டி நகலின் வருங்கால விலையைக் கணிப்பது அளவையியலில் பிழையான ஒப்புமையாகும். மூலம் ஒன்றே ஒன்று. நகலோ, தேவை இருக்கும்வரை செய்துகொண்டே போகலாம். இன்று 25 என்று நிறுத்திய கம்பெனியே நாளை வேறொரு பெயரில் வேறொரு வரிசையை வெளியிட எந்தத் தடையும் இல்லை.

4. நகலே மூலமாகும் விந்தை

ஆயினும் இவ்விதிக்கு ஒரு விந்தையான விலக்கு உண்டு. ‘ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ (1986) என்னும் படத்தில் ஒரு சிவப்பு நிறத் திறந்த ஃபெராரி கார் வருகின்றது. கதைப்படி அது 250 ஜி.டி. கலிபோர்னியா. அவ்வகைக் கார்கள் நூற்றுச் சொச்சமே செய்யப்பட்டன. உண்மையான ஒன்றைக் கண்ணாடிச் சுவர் வழியே பள்ளத்தில் தள்ளுவதற்கு எந்தத் தயாரிப்பாளர் துணிவார்? எனவே கண்ணாடி இழை மேற்கூடும் ஃபோர்டு எஞ்சினும் கொண்ட நகல்களைச் செய்து படமெடுத்தனர். அந்நகல்களுள் ஒன்று 2020-ல் 3,96,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அதே அச்சில் வார்த்து, படத்தில் நடிக்காத இன்னொரு நகலுக்கு இவ்விலையை யாரும் கொடுக்கமாட்டார்கள். படம் அதனைத் தொட்டது, நகல், மூலமாயிற்று. எனினும், உண்மையான கலிபோர்னியாக் கார்கள் ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றிருப்பதையும் உடன் வைத்து எண்ணவேண்டும்.

இதற்கு இணையான நிகழ்ச்சி 2022-ல் இலண்டனில் நடந்தது. ‘நோ டைம் டு டை’ (2021) படத்தின் சாகசக் காட்சிகளுக்காக, கரி இழை மேற்கூட்டோடு எட்டு டி.பி.5 நகல்கள் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று அறச்செயலுக்காக ஏலம் விடப்பட்டு, 29,22,000 பவுண்டு பெற்றது. வரியோடு 33 இலட்சம் கொடுத்து வாங்கிய மெருகு குலையாத நகலையும், அதைவிடக் குறைந்த தொகைக்கு விற்ற, படத்தில் அடிபட்ட நகலையும் ஒப்பிடுங்கள். இரண்டாவதற்கு ஒரு கதை இருக்கின்றது. முதலாவதற்குக் கதையின் நிழல்தான் இருக்கின்றது.

இதிலும் ஒரு முரண் உண்டு. 2019-ல் அமெரிக்காவின் மான்டெரே நகரில் ஒரு டி.பி.5 கார் 63,85,000 டாலருக்கு விற்றது. அது எந்தப் படத்திலும் தோன்றியதன்று. ‘தண்டர்பால்’ (1965) படத்தை விளம்பரப்படுத்துவதற்காகப் படக் கம்பெனியே அக்காலத்தில் செய்வித்தது. திரையில் தோன்றாவிடினும், அதே காலத்தில், அதே கைகளால், அதே நோக்கத்துக்காகச் செய்யப்பட்டது என்பதே அதற்கு விலையாயிற்று. ஆக, மதிப்பைத் தருவது உருவ ஒற்றுமை அன்று. காலமும் தொடர்பும் சான்றும்தாம்.

5. சட்டத்தின் பார்வை

வாங்குவோர் பெரும்பாலும் கருதாத பகுதி இது. ஒரு காரின் உருவத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாமா? கூடாது என்பதற்கு அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன.

ஃபெராரி கார்களின் வெளித்தோற்றத்தைக் கண்ணாடி இழையில் நகலெடுத்து விற்ற ஒருவருக்கு எதிராக, 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோற்றமே அக்கம்பெனியின் அடையாளம் என்பது தீர்ப்பின் சாரம். 2015-ல் ‘டி.சி. காமிக்ஸ் எதிர் டௌல்’ என்னும் வழக்கில், பேட்மேன் காரைப் பதிப்புரிமை பெற்ற ஒரு கதைமாந்தராகவே நீதிமன்றம் கருதியது. உரிமம் பெறாமல் ஒன்று ஏறத்தாழ 90,000 டாலர் என்று நகல்களைச் செய்து விற்றவர் தோற்றார். மாறாக, ‘கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்’ படத்தின் ‘எலனார்’ என்னும் மஸ்டாங் காருக்கு அத்தகைய தனித்தன்மை இல்லை என்று 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

ஆகவே, ஒரு காருக்குத் தடை, மற்றொரு காருக்குத் தடையில்லை. உரிமம் இல்லாத தொழிற்கூடத்தில் முன்பணம் கட்டியவன், வழக்கு வந்தால் பணத்தையும் காரையும் ஒருங்கே இழக்க நேரும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது இங்கே முற்றும் பொருந்தும்.

சாலை விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 2015-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், குறைந்தது 25 ஆண்டுகளுக்கு முற்பட்ட கார்களின் நகல்களை, ஒரு தயாரிப்பாளர் ஆண்டுக்கு 325 வரை செய்து விற்க வழிவகுத்தது. அங்கும் எஞ்சினின் புகை இக்கால அளவுக்குள் அடங்க வேண்டும்.

6. யானையைக் கட்டித் தீனி போடுதல்

யானையை வாங்குவது ஒரு நாள் செலவு. கட்டித் தீனி போடுவது நாள்தோறும் செலவு. நகல் காருக்கும் கொட்டகை வேண்டும், காப்பீடு வேண்டும், அவ்வப்போது எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். சுழலும் எண் பலகை பழுதுபட்டால் அதற்கு எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் கிடைக்காது, செய்தவரிடமே செல்லவேண்டும்.

இவையனைத்தையும்விடப் பெரிய செலவு, கண்ணுக்குத் தெரியாத வாய்ப்புச் செலவு. 33,00,000 பவுண்டை ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டிக்கு விட்டால், முதலாண்டில் மட்டும் 1,32,000 பவுண்டு கிடைக்கும். கூட்டுவட்டி முறையில் பத்தாண்டு முடிவில் முதலும் வட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 48,85,000 பவுண்டாகும். ஆதலின், பத்தாண்டுக்குப்பின் அக்கார் 48,85,000 பவுண்டுக்கு விற்றால்தான் அவன் நட்டமின்றிக் கரையேறுவான். கொட்டகை, காப்பீட்டுச் செலவுகள் இதில் சேரவில்லை. மூலத்துக்கே 2010-ல் 29 இலட்சம்தான் கிடைத்தது என்பதை நினைவிற் கொண்டால், நகலிடம் அவ்வளவு எதிர்பார்ப்பது பேராசையே.

பழைய கார்களின் விலை என்றும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் மெய்யன்று. 1980-களின் இறுதியில் வானளாவ உயர்ந்த ஃபெராரி விலைகள், 1990-களின் தொடக்கத்தில் சரிந்து விழுந்தன. கடன் வாங்கிக் கார் வாங்கியோர் அன்று பட்ட பாடு பெரிது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தைப் 15 வயதில் பார்த்து மயங்கியவர், 2020-ல் 71 வயதினர். படக் காரின் மதிப்பு, படத்தை நேசிப்பவரின் உள்ளத்தில் இருக்கின்றது. அத்தலைமுறை மறைந்தபின் அடுத்த தலைமுறை வேறு படத்தை, வேறு காரை நாடக்கூடும். நினைவை மூலதனமாகக் கொண்ட பொருளுக்கு அந்நினைவின் ஆயுளே ஆயுள்.

7. மறுபக்க வாதம்

இதுவரை கூறியவற்றால் நகல் வாங்குவோர் எல்லோரும் ஏமாளிகள் என்று முடிவு கட்டிவிடலாகாது. அவர் தரப்பையும் கேட்பதே முறை.

முதலாவதாக, பயன்பாடு என்பது அவரவர் மனநிறைவைப் பொறுத்தது. இசைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கியவனிடம், “இதை நாளை என்ன விலைக்கு விற்பாய்?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு மகிழ்ந்தான், பணம் செரித்தது. காரும் அவ்வாறே ஆகலாமன்றோ?

இரண்டாவதாக, மூலத்தை வாங்கியவன் அதைத் தொடவே அஞ்சுகின்றான். ஒரு கீறல் விழுந்தால் இலட்சங்கள் போகும். நகலை வாங்கியவனோ அச்சமின்றி அமர்ந்து பொத்தானை அழுத்தலாம். பேரக்குழந்தைகளை ஏற்றி மகிழலாம். அனுபவிப்பதற்கு நகலே சிறந்தது என்பதில் உண்மை இருக்கின்றது.

மூன்றாவதாக, தகட்டைக் கையால் தட்டி வளைக்கும் தொழில் உலகெங்கும் நலிந்து வருகின்றது. இத்தகைய கார்களுக்குக் கேட்பு இருப்பதாலேயே சில தொழிற்கூடங்களில் இளைஞர் அக்கலையைக் கற்கின்றனர். செல்வர் ஒருவரின் விருப்பம் ஒரு தொழிலாளியின் அடுப்பை எரியச் செய்யுமாயின், அதனை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது.

இவ்வாதங்கள் வலியுடையனவே. ஆனால் மூன்றும், நகல் ஒரு நுகர்பொருள் என்பதையே நிலைநாட்டுகின்றன. அது முதலீடு என்பதை அல்ல. தவறு அதனை வாங்குவதில் இல்லை. செலவை முதலீடு என்று எண்ணித் தன்னைத்தானே ஏமாற்றிக் கொள்வதில்தான் இருக்கின்றது.

8. வாங்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள்

விலையுயர்ந்த எந்த நகலை வாங்க முனைவோரும் கீழ்க்காணும் வினாக்களைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளல் நன்று.

(அ) இத்தொகை முழுவதும் திரும்பி வராவிட்டாலும் என் குடும்ப நடைமுறை தடைப்படாமல் இருக்குமா?

(ஆ) நகலைச் செய்பவர் உரிமம் பெற்றவரா? அவ்வுரிமம் எழுத்தில் உள்ளதா?

(இ) சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்குமா? கிடைக்காதெனில் எங்கே ஓட்டுவேன்?

(ஈ) ஒப்பனையைக் களைந்தால் அடியில் எஞ்சுவது என்ன? அதற்கு மட்டும் சந்தையில் என்ன விலை?

(உ) இதே தொகைக்கு, அல்லது இதனினும் குறைந்த தொகைக்கு, உண்மையான பழைய கார் கிடைக்குமா?

(ஊ) யாரும் பார்க்காவிட்டாலும், யாரிடமும் சொல்லாவிட்டாலும், இதை வாங்க விரும்புவேனா?

இறுதி வினாவே தலையாயது. அதற்கு ‘ஆம்’ என்பவன் மகிழ்ச்சியை வாங்குகின்றான். ‘இல்லை’ என்பவன் பிறர் வியப்பை வாங்குகின்றான். அவ்வியப்பு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

மகிழ்ச்சிக்கு மலிவான வழிகளும் உண்டு. ‘புல்லிட்’ காரின் நினைவாக ஃபோர்டு கம்பெனியே 2001-லும், 2008-லும், பின்னர் 2019 மாதிரியாகவும் சிறப்பு மஸ்டாங் கார்களை வெளியிட்டது. அவை நாள்தோறும் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லத்தக்கவை. இன்னும் மலிவாக வேண்டுமெனில், 1965-ல் கார்கி கம்பெனி வெளியிட்ட பொம்மை டி.பி.5 இருக்கின்றது. பொத்தானை அழுத்தினால் கூரை திறந்து இருக்கையிலுள்ள ஆள் துள்ளி வெளியே விழுவான். இலட்சக்கணக்கான சிறுவர் அதனை வைத்து விளையாடினர். ஆல்ஃபிரட் மார்ஷல் கூறிய நுகர்வோர் எச்சம், அதாவது கொடுத்த விலைக்கு மேற்பட்டுக் கிடைக்கும் மனநிறைவு, அந்தப் பொம்மையில் கிடைத்த அளவு 33 இலட்சம் பவுண்டுக் காரில் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

முடிவுரை

அடுத்த வகுப்பில் அம்மாணவரை எழுப்பி, “உன் வீட்டில் பழைய பொருள் ஏதேனும் உண்டா, தம்பி?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “தாத்தாவின் சைக்கிள் இருக்கிறது, ஐயா. இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக் கொள்கிறேன் என்றார். அம்மா கொடுக்கவில்லை. அதில்தான் தாத்தா அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவாராம்” என்றார்.

“அதேபோல் ஒரு சைக்கிளை, அதே நிறத்தில், அதே மணியோடு, புதிதாகச் செய்து கொடுத்தால், அம்மா அதை வாங்கிக்கொண்டு பழையதைக் கொடுத்துவிடுவாரா?” என்று கேட்டேன்.

“மாட்டார், ஐயா.” இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.

அவ்விடையில் முழுப் பாடமும் அடங்கிவிட்டது. இரும்புக் கடைக்காரர் கூறியது விலை. அம்மா காத்தது மதிப்பு. புதிய சைக்கிள், ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும். அதை ஓட்டி மகிழ்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தாத்தா அதில் ஏறியதில்லை.

ஆகவே, விலையுயர்ந்த திரைப்படக் கார் நகல் வாங்கத் தக்கதா என்னும் வினாவுக்கு விடை இதுவே. மிஞ்சிய செல்வமும், படத்தின்மீது மெய்யான காதலும், ஓட்டிப் பார்க்க இடமும் உடையவர், அதனைச் செலவு என்று தெளிந்து வாங்கினால் வாங்கலாம்; அவர் ஏமாளி அல்லர். பின்னாளில் பொன்னாகும் என்று நம்பி, கடன்பட்டேனும் வாங்குவோர்க்கு அது தகாது. பாண்டின் காரை விலைக்கு வாங்கலாம்; அப்படத்தை முதன்முதலாகப் பார்த்த அந்த மாலைப்பொழுதை எந்தத் தொழிற்கூடத்தாலும் மறுபடி செய்து தர இயலாது.